மதில்மேல் ஒரு பிடி சோறு

மனைவி போன பிறகு மாதையன் வாயைத் திறப்பதே போன் வந்தால்தான். அரூரில் ஆபீஸ் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்று, கம்பைநல்லூரில் தனக்குத்தானே பொங்கித் தின்கிற மனுஷன். மகள் பிரியதர்ஷினி ஓசூரில், ஐந்து மாதக் கர்ப்பம்.

"மருந்தடிக்காத தக்காளி வேணும்ப்பா. அடுத்த மாசம் நானே வந்து பறிச்சுக்கறேன்."

அவள் அப்படிச் சொன்னதிலிருந்து அவருக்குக் கால் தரையில் இல்லை. அந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த இருபது தக்காளிச் செடியிலும் காய்ப்புழு விழுந்தது. தோட்டக்கலை ஆபீஸ் சசிகலா சொன்னபடி, குச்சியின் தலையில் குறுக்கே இன்னொரு குச்சி கட்டி நாலு இடத்தில் நட்டார். பறவைகள் அதில் உட்கார்ந்து புழுவைப் பொறுக்கித் தின்னுமாம். மூன்றாம் நாள் இரண்டு மைனாக்கள் வந்தன.

அங்கேதான் மனுஷனுக்குப் புத்தி கெட்டது. தேடி வந்த விருந்தாளியைச் சும்மா அனுப்பலாமா என்று மதில்மேல் ஒரு பிடி சோறு வைத்தார். மறுநாள் ஆறு வந்தன. அவை தின்றுகொண்டே கத்தும். இவர் படியில் உட்கார்ந்து, ரசத்துக்கு உப்புப் போட மறந்ததில் ஆரம்பித்து ஊர்க்கதை வரை சொல்வார். பேச ஆள் கிடைத்தால் விடுவாரா?

செடியைப் பார்க்க வந்த சசிகலா ஒரு காயைப் பிளந்து காட்டினார். உள்ளே புழு கொழுகொழுவென்று இருந்தது.

"வயிறு நெறஞ்ச பறவ எதுக்குங்கய்யா புழு பொறுக்கும்? மொதல்ல சோத்த நிறுத்துங்க."

மகளுக்காக நிறுத்தினார். முதல் நாள் மைனாக்கள் மதிலில் நின்று கதவையே பார்த்தன. அவர் வெட்கத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து செடிக்குள் இறங்கிப் புழுவைப் பொறுக்கின. வயிறு நிறைந்ததும் பறந்துவிடும். அவர் பக்கம் திரும்பவே இல்லை. மிச்சக் காய்கள் தப்பின. வீடு பழையபடி வாயடைத்துக் கிடந்தது.

மகள் வருவதாக இருந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் போன் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம்.

"பஸ்ல போட்டு விட்டுடுங்கப்பா. அவரு ஸ்டாண்டுல வாங்கிக்குவாரு."

"சரி கண்ணு" என்றார். காலையில் பழத்தையும் செங்காயையும் பறித்து, அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கினார். மேலே எதையும் வைக்க வேண்டாமென்று கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னார். பஸ் போன பிறகும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தவர், ஒரு ஆளுக்கான அரிசியோடு இன்னும் ஒரு பிடி சேர்த்துப் போட்டார். வெந்த சோற்றை ஆறவைத்து மதில்மேல் வைத்தார். செடியில் பிஞ்சு இன்னும் நிறைய இருந்தது. புழு தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். படியில் உட்கார்ந்து மைனாக்களுக்காகக் காத்திருந்தார்.