சம்மந்தியின் கடைவாய்

முப்பத்தி நாலு வருஷம் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து, கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து கூரையில் உட்காரும் புறா வரைக்கும் சந்தேகப்பட்டு ஓய்வு பெற்றவர் ராமாமிர்தம். அந்தத் திறமை வீணாகிவிடக் கூடாதே என்று ஓய்வுக்குப் பிறகு இலவசமாக வழங்கி வந்தார்.

அன்று மத்தியானம் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற தனியார் பஸ்ஸில் ஏறியவர், கண்டக்டர் மெஷினில் அடித்துக் கொடுத்த டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தேதி சரியா இருக்கா? நேத்து டிக்கெட்ட இன்னிக்கி தள்ளி விடுறீங்களோ?"

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

மகன் இளவரசுவின் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் முடிவு செய்யத்தான் இந்தப் பயணம். பெண்ணின் அப்பா கார்த்திகேசனும் அதே பஸ்ஸில்தான் இருந்தார். பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டார். இவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறாரே, எதற்காக இருக்கும் என்று யோசித்த ராமாமிர்தம், "எனக்குக் காத்து வேணும் சம்மந்தி" என்று நாலு வரிசை தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

பெண் சிந்துஜா சிதம்பரத்தில் பல் டாக்டர். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "பல் இடுக்குலதான் மாமா எல்லா அழுக்கும் சேரும், தெனம் இந்த நூலால எடுத்துடுங்க" என்று ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தாள். பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குகிற குடும்பமோ என்று ராமாமிர்தத்துக்கு உறுத்தியது. டப்பாவை அவர் பிரிக்கவே இல்லை. ஆனால் அவள் போனில் கேட்டபோதெல்லாம் தினம் ரெண்டு வேளை என்றார். அதோடு விட்டாரா? போன மாதம் கார்த்திகேசன் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, "மனுஷனோட ஒழுக்கம்ங்கிறது பல் இடுக்குலதான் ஆரம்பிக்குது" என்று அரை மணி நேரம் முழங்கினார். பஜ்ஜி தட்டோடு வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

கார்த்திகேசனுக்குப் பொய் ஆகாது. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னார்கள் என்று முந்தைய சம்பந்தத்தையே முறித்தவர்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது, கடலூரில் சாப்பிட்ட மட்டன் பிரியாணியின் நார் ஒன்று வலது கடைவாயில் தன் இருப்பைத் தெரிவித்தது. ராமாமிர்தம் நாக்கால் தள்ளினார். உறிஞ்சினார். நகத்தைக் கொடுத்தார். நார் அசையவில்லை. கடைசியில், நாட்டில் பாதிப் பேர் செய்வதைச் செய்தார். டிக்கெட்டை நாலாக மடித்து, முனையைக் கூராக்கி, இடுக்கில் செருகினார்.

பக்கத்து சீட்டுக்காரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் ஹாமித், ஊர் பரங்கிப்பேட்டை, ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருக்கிறான் என்பதையெல்லாம் ஏறிய பத்து நிமிஷத்தில் விசாரித்து முடித்திருந்தார். இப்போது, நம்மை வீடியோ எடுக்கிறானோ என்று தோன்றியது. கையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு நெம்பு நெம்பினார். நார் வந்தது. டிக்கெட்டில் பாதி வரவில்லை. மெஷின் டிக்கெட்டுக்கு அவ்வளவுதான் திராணி.

புதுச்சத்திரத்தில் செக்கர் ஏறினார்.

"டிக்கெட் எடுங்க சார்."

ராமாமிர்தத்தின் உள்ளங்கையில் ஈரமாக ஒரு காகித உருண்டை இருந்தது. அதைக் காட்டினால் நடுக்கூடத்துச் சொற்பொழிவு சந்தி சிரிக்கும். கையை இறுக மூடிக்கொண்டார்.

"ஜன்னல் வழியா பறந்துடுச்சி. கண்டக்டரக் கேளுங்க, வாங்கினேனா இல்லியான்னு."

"அறுவது பேருக்குக் குடுக்கிறேன் சார், ஞாபகமில்ல" என்றார் கண்டக்டர். எல்லாம் ஞாபகமிருக்கிற முகம்.

"நான் யாருன்னு தெரியுமா? முப்பத்தி நாலு வருஷ சர்வீசு!"

"தெரியலிங்க. டிக்கெட்ல எழுதியிருந்தா படிச்சிக்கிறேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கார்த்திகேசன் எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்து அருகில் வந்தார்.

"சம்மந்தி, டிக்கெட் வாங்குனீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. மாப்பிள வீட்டுக்காரு ஓசியில வந்தாருன்னு நாளைக்கி யாரும் என்னக் கேக்கக் கூடாது."

குரல் மெதுவாகத்தான் இருந்தது. பத்திரிகை அச்சுக்குப் போகாது என்பது அதில் தெளிவாகக் கேட்டது. ராமாமிர்தம் கையை விரித்தார்.

செக்கர் பேனா முனையால் உருண்டையைப் பிரித்தார். "'சிதம்'னு இருக்கு. மீதி எங்க?"

ராமாமிர்தம் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஆ காட்டுங்க."

"இங்கியா?"

"நானா சார் உள்ள போட்டேன்?"

முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ் வாயைத் திறந்தது. ஹாமித் மரியாதையாகத் தன் போன் டார்ச்சை அடித்துக் காட்டினான். செக்கர் குனிந்தார். கண்டக்டரும் குனிந்தார். பின் சீட்டு அம்மாள் ஒருத்தி, "அந்தாண்ட பல்லு சொத்தையாட்டம் இருக்கே" என்று தன் பங்குக்குச் சொன்னாள்.

"பரம்" என்று படித்தார் செக்கர். "சரியாப் போச்சி. மூடிக்குங்க."

அவர் இறங்கிப் போனார். கார்த்திகேசன் போகவில்லை.

"அப்ப அந்த நூலு?"

"பிரிக்கவே இல்ல."

"ரெண்டு வேளைன்னு சொன்னது?"

"பொய்தான்." பொய் சொன்னேன் என்று ராமாமிர்தம் வாழ்க்கையில் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. வாய் கசந்தது.

கார்த்திகேசன் ஹாமித்தை நகரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு பஸ்ஸு ஜனம் பாக்க வாயத் தொறந்துட்டீங்க. இதுக்கு மேல இன்னாத்த மறைக்கப் போறீங்க? பத்திரிகைய இன்னிக்கே குடுத்துடுவோம். அதுக்கு முன்னாடி சிந்துஜா அந்தக் காயிதத்த எடுத்து உடட்டும்."

ராமாமிர்தத்துக்கு நெஞ்சு லேசானது. பி.முட்லூர் வரைக்கும்தான். இத்தனை அழுக்கையும் நேரில் பார்த்துவிட்டு ஒரு மனுஷன் பெண் கொடுக்கிறான் என்றால், அந்தப் பக்கம் ஏதோ இருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அது சரி சம்மந்தி, பொண்ணுக்கு..."

"ஊரு வர்ற வரைக்கும்" என்றார் கார்த்திகேசன், "வாயத் தொறக்காம வாங்க."