ஒரே பானை, இரண்டு ரத்தம்

விடியுமுன்பே, கல்லை அரைத்துத் தூளாக்கும் கல்மாவு ஆலை அலறத் தொடங்கிவிட்டது. மூட்டைக்காரர் குழாய்வாயில் சாக்கைப் பிடித்தார். சூடான மாவு பொதபொதவென்று கொட்டியது. கண்ணிமை, காதுமடல், நாக்கு எல்லாம் வெள்ளை. நாலு மூட்டைக்கு ஒருதரம் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். பதினெட்டு வருஷமாக அந்த மாவைத்தான் மூச்சாக இழுக்கிறார். தூசி உறிஞ்சும் மெஷின் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன மாதம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து, ஆலையில் தூசியால் நெஞ்சு கெட்ட ஒன்பது பேரிடம் ரத்தம் எடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் வேண்டுமாம். ஆலைக்குள் ஒருவர்கூடத் தேறவில்லை. அவரவர் மனைவிமார்தான் வந்து கையை நீட்டினார்கள்.

"ஆன்டிஆக்ஸிடன்ட்னு ஒண்ணு, ரத்தத்துக்குக் காவக்காரன் மாதிரி. அது எவ்வளவு மிச்சமிருக்குன்னு அளக்கிறோம்" என்றார் நர்ஸம்மா.

இன்று காலை முடிவு வந்தது. முதலாளி ஒன்பது பேரையும் ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். பக்கத்தில் மேஜைமேல் ஒரு கூடை ஆரஞ்சு.

"உங்க ரத்தத்துல சத்தே இல்லையாம்ப்பா. வீட்டுல ஒழுங்கா ஆக்கிப் போடலேன்னா ஆலை என்ன பண்ணும்? ஆளுக்கு நாலு பழம் எடுத்துக்கிட்டுப் போய் ஓய்வெடுங்க. நாளையிலேருந்து வேற ஆள் வருது."

வைத்தியத்தைப் பற்றி மூச்சு விடவில்லை, அந்தத் தர்மப்பிரபு.

மூட்டைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச வாயெடுத்தார், இருமல் முந்திக்கொண்டது. தன் முடிவுத்தாளை வாங்க வந்திருந்த அவர் மனைவி, வீட்டில் துணி தைக்கிறவள், விறுவிறுவென்று முன்னால் வந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுல ஒரே அடுப்பு, ஒரே பானை. இவரு சாப்பிட்ட மிச்சத்தைத்தான் நான் வழிச்சுத் திங்கிறேன். சோத்துல கோளாறுன்னா எனக்குல்ல முதல்ல குறையணும்? என் காவக்காரன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். இவரோட காவக்காரனை எது தின்னுச்சு?"

"துணி தைக்கிறவளுக்கு ரத்தத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"அளவு பார்க்கத் தெரியும்ய்யா. அதுதானே என் தொழிலே."

கணவன் தாளையும் தன் தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தாள் வாங்க வந்திருந்த மற்ற எட்டு மனைவிமாரும் அப்படியே வைத்தார்கள். ஒன்பது வீட்டிலும் அதே கதை: மனைவிக்கு நிறைவு, கணவனுக்குக் குறைவு. முதலாளி தாள்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

திடீரென்று ஆலையின் அலறல் நின்றது. உள்ளே மெஷின் ஓட்டும் அரவைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் பின்னால் மற்ற எல்லாரும்.

"எவண்டா மெஷினை நிறுத்தினது?"

"நான்தான் மொதலாளி. நாளைக்கு என் தாளும் இந்த மேஜைக்குத்தான் வரப்போவுது. இவங்களுக்கு வைத்தியம் பாருங்க, தூசி மெஷினைப் போடுங்க. இந்த ஒன்பது பேரும் உள்ளே வந்தாத்தான் நாங்களும் வருவோம்."

முதலாளி போனை எடுத்தார். யாரை அழைக்கிறாரோ! ஒருவரும் நகரவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்தார்கள். பழக்கூடையை யாரும் தொடவில்லை.

தூசி மெல்ல அடங்கியது. மூட்டைக்காரருக்கு மறுபடி இருமல் வந்தது. வழக்கம்போல் சுவரைத் தேடிக் கையை நீட்டினார். நாலைந்து கைகள் அதைப் பிடித்துக்கொண்டன.