வயது வந்தவர், பதினேழாம் இருக்கை

கல்லாத் திரையில் பதினேழாம் இருக்கை பச்சையாக மாறியது. இம் தேசொப், ஆண், வயது வந்தவர் என்று காட்டியது. நூடுல்ஸ் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த கியோங்ரான் கையை நிறுத்தி அதையே பார்த்தாள். தென்கொரியாவின் தோங்யோங் துறைமுகத்தில், மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே மாடியில் இருந்தது அவளுடைய கணினி விளையாட்டுக் கடை. மகன் தேசொப் பதினைந்து வயதில் சித்தப்பாவின் படகில் போனவன். படகின் பலகைகள் கரை ஒதுங்கின, அவன் ஒதுங்கவில்லை. இறப்பைப் பதியச் சொல்லி நகராட்சி அலுவலகத்திலிருந்து எத்தனையோ முறை கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அதனால் அவனுடைய குடிமக்கள் எண் உயிரோடு இருந்தது. ஆண்டுதோறும் அதற்கு வயதும் ஏறியது. இந்தப் புத்தாண்டிலிருந்து பெரியவர்களுக்கு மட்டுமான விளையாட்டுகள் அவனுக்குத் திறந்தன.

அந்த எண்ணைப் போட்டு விளையாடுவது பதின்மூன்று வயது மகள் சேபொம் என்று அவளுக்குத் தெரியும். தடுக்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். பெயர் ஒளிர்ந்ததும் வாய் வராது. சிறுவர்களை அந்த விளையாட்டில் உட்காரவைத்ததற்காகக் கடை ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டிருந்தது. இன்னொரு முறை என்றால் உரிமம் போய்விடும்.

அன்று அதே விளையாட்டைக் கேட்டு வந்த மூன்று பள்ளிப் பையன்களை, வயது போதாது என்று திருப்பி அனுப்பினாள். ஒருவன் பதினேழாம் இருக்கையை எட்டிப் பார்த்தான்.

“உங்க பொண்ணுக்கு மட்டும் மீசை முளைச்சிடுச்சா ஆன்டி?”

படியில் நின்றபடியே போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். வந்த காவலர் ஊருக்குப் புதியவர். கல்லாத் திரையைப் படித்தார். பதினேழில் இருந்த சிறுமியைப் பார்த்தார். தேசொப் யார் என்று கேட்டார். என் மகன் என்றாள். எங்கே என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் கடை போகும். அவர் எழுதிக்கொண்டதும் தேசொப்பும் போய்விடுவான்.

சேபொம் எழுந்து நின்றாள். “அண்ணன் கீழ சிகரெட் பிடிக்கப் போயிருக்கான் சார். சீட்டு சூடு ஆறாம பாத்துக்கிட்டிருக்கேன்.”

காவலர் சிரித்துவிட்டார். “நல்ல தங்கச்சிதான். சரி, வரட்டும். அவன் ஐடி கார்ட ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்.”

நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கியோங்ரான் அவருக்குக் காப்பி கொடுத்தாள். சேபொம் அம்மாவின் கண்ணைத் தேடினாள், கிடைக்கவில்லை. அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை வலுத்தது.

சற்றுப் பொறுத்துப் படியில் காலடி கேட்டது. ஈரச் செருப்பு, தேசொப் ஏறுவதைப் போலவே இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியது. காவலர் தொப்பியைக் கையில் எடுத்தார். கியோங்ரான் ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றாள்.