வேதாந்தம் மாமாவின் அங்கவஸ்திரம்

என் தம்பி கஸ்தூரிரங்கனுக்குச் சுங்கத்தில் துணி மதிப்பிடும் வேலை. கப்பலில் வந்திறங்கும் பருத்தித் துணி வெளுக்காத கோராவா, வெளுத்ததா, சாயம் தோய்த்ததா, அச்சடித்ததா, எந்தத் தேசத்துச் சரக்கு என்று சொல்ல வேண்டும். அதைப் பொறுத்துத்தான் வரி. வேலை நல்ல வேலைதான். சனியன், அதை ஆபீசிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாது அவனுக்கு. ஏற்கெனவே இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போய், பெண்ணை விட்டுவிட்டுப் புடவையைப் பற்றிப் பேசியே சம்பந்தத்தைக் கெடுத்தான். இதுவும் போனால் என் பிராணனே போய்விடும் என்று சொல்லித்தான் மயிலாப்பூருக்கு அழைத்துப்போனேன்.

பெண் நீரஜா. அவள் அப்பா வேதாந்தம் ஐயங்கார், சீமைத்துணிக் கடை வாசலில் மறியல் செய்து தடியடி வாங்கியவர். அவர் வீட்டுக்குள் கதரைத் தவிர வேறெதுவும் நுழையாது என்று பெயர். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பெண் கொடுக்க அவர் யோசித்ததே பெரிய விஷயம்.

நீரஜா வந்து நமஸ்காரம் செய்தாள். முந்தானை ஓரம் புரண்டு உள்பக்கம் தெரிந்தது. என் தம்பி வாயைத் திறந்தான்.

“பின்பக்கம் வெளிறியிருக்கு. அச்சுத் துணி. ஜப்பான் சரக்கு.”

மூட்டையோடு வாசலுக்கு வந்தவன் கதர் என்று சொல்லித்தான் விற்றான் என்று பெண்ணின் அம்மா அழாக்குறையாகச் சொன்னாள். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார் என்று நான் எழுந்தே விட்டேன். வேதாந்தமோ வீட்டிலுள்ள பெட்டிகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். சுங்கத்தில் பார்ப்பதுபோலவே பாருங்கள், சீமைத்துணி எதுவானாலும் முற்றத்தில் போடுங்கள், கொளுத்திவிடலாம் என்றார்.

கஸ்தூரிக்குக் கேட்கவா வேண்டும்? சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பெண் பார்க்க வந்ததே மறந்துபோயிற்று. தலையணை உறைகூடத் தப்பவில்லை. குவியல் ஏற ஏற மாமியின் முகம் சுருங்கியது. எனக்கு அவனை அங்கேயே நாலு சாத்தலாம் போலிருந்தது.

கடைசியில் வேதாந்தம் தம் தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து நீட்டினார்.

“இதையும் பாருங்கோ. இதைப் போட்டுண்டுதான் அடி வாங்கினேன்.”

ஒரு முனையை நீரஜா பிடித்துக்கொண்டாள். அவன் கண்ணாடியை வைத்துப் பார்த்தான். பிறகு, கையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னான். அவள் நகர்த்தவில்லை, எதையோ கட்டைவிரலால் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். நான் மனசுக்குள் பெருமாளைக் கூப்பிட்டேன்.

“கதர்தான், மாமா. சந்தேகமே இல்லை.”

அவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தோஷமாகக் குவியலுக்குத் தீ வைத்தார். பெண்ணைக் கொடுக்கிறேன் என்று அந்தப் புகைக்கு நடுவிலேயே சொன்னார்.

டிராமில் ஏறியதும், அந்த அங்கவஸ்திரம் நிஜமாகவே கதர்தானா என்று கேட்டுவிட்டேன். மான்செஸ்டர் மில் துணி, ஓரத்தில் முத்திரை மங்கலாக இருந்தது, அதைத்தான் அவள் விரலால் மறைத்திருந்தாள் என்றான். வாய் கூசாமல் எப்படிடா கதர் என்று சொன்னாய் என்றேன்.

“துணிதான் மான்செஸ்டர். அவர் வாங்கின அடி அசல்தானே, அக்கா.”