பதினொரு கழிகள்

வெண்மணல் விரிந்து கிடக்க, அதன்மேல் கணுக்கால் அளவே நின்ற நீர் காலைக் கதிரில் தெளிந்து ஒளிர, அலையோசையும் அடங்கி அமைதி பூண்டிருந்த அக்கடற்கரையைக் காண்போரிடம், அங்கே உயிருண்ணும் வாய்க்கால் ஒன்று ஒளிந்திருக்கிறது என்றால் நகைப்பார்கள். நீர் வற்றிய பொழுதில் நெடுந்தொலைவு நடந்து மணல்திட்டை அடையலாம். ஏறும் பொழுதிலோ, கடல் முன்னே வாராது, திட்டுக்கும் கரைக்கும் இடைப்பட்ட வாய்க்காலில் பின்னே வந்து நிறையும். அப்போது கடக்கத் தக்க மேட்டுவழி ஒன்றே ஒன்றுதான்.

அவ்வழி நெடுகப் பதினொரு கழிகளை நட்டவள் சிப்பி பொறுக்கும் பெண்ணொருத்தி. தங்கையை வாய்க்கால் கொண்ட ஆண்டில் நட்டவள், உளுத்தவற்றை மாற்றி, கருந்துணி கட்டிப் பத்தொன்பது ஆண்டு காத்தாள்.

அன்று காலை வந்தபோது ஒரு கழியும் இல்லை. புதிதாய் எழுந்த விடுதியின் மேலாளர், படம் எடுப்போர் கண்ணை அவை உறுத்துகின்றன என்று பிடுங்கிச் சமையற்கட்டின் பின்னே போடச் செய்திருந்தார். கேட்கப் போனவளை வாயிற்படியிலேயே நிறுத்தி, கணுக்கால் தண்ணீருக்குக் காவல் எதற்கு என்று வினவினார். ஒருநாளேனும் செருப்பைக் கழற்றி அந்நீரில் இறங்கியவரல்லர் அவர்.

பேச்சு முடியுமுன் கடல் திரும்பிற்று. விடுதியில் தங்கியிருந்த இளங்கணவனும் நிறைசூலியான மனைவியும், பின்னே நீர் பெருகுவதறியாது திட்டின்மேல் நின்றிருந்தனர். சிப்பிக் கூடையை எறிந்துவிட்டு ஓடினாள் அவள். கண் காணாத வழியை அவள் கால் அறியும். இடுப்பளவு நீரில் நடந்து, திட்டுக்கு எதிரே நின்று கைகளை உயர்த்தினாள்.

"என்னை மட்டும் பாத்து நேரா வாங்க. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காலை வச்சிராதீங்க."

இருவரையும் கைப்பிடித்துக் கரை சேர்த்தபோது நீர் மார்பைத் தொட்டிருந்தது.

மேலாளர் விரைந்து வந்தார். "நல்லவேளை. நாளையிலருந்து நீங்களே அங்க நின்னுடுங்கம்மா. வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டா படத்துல உறுத்தாது."

ஈரம் சொட்டச் சொட்ட அவள் விடுதியின் நடுக்கூடம் வழியே நடந்து, சமையற்கட்டின் பின்னிருந்த கழிகளைச் சுமந்து வந்தாள். அவ்விளைஞனும் மறுமுனையைத் தூக்கினான். நீர் வற்றும்வரை அவற்றின்மேல் அமர்ந்திருந்து, வற்றியதும் நட்டாள். இருந்தவை பத்தே, ஒன்று அடுப்புக்குப் போயிருந்தது. பதினொன்றாவதற்கு, 'நல்வரவு' என்றெழுதிய விடுதிப் பலகையை அதன் காலோடு பிடுங்கி நட்டாள்.

அழகு கெடுமென்று ஆபத்தை மறைக்கத் துணிந்தவர் கண்ணை அப்பலகை இன்றும் உறுத்திக்கொண்டு நிற்கிறது. உறுத்தட்டும்.