அனு கேட்ட பர்கர்

முப்பத்தெட்டு வயதுவரை வீரபாகுவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தவன். மனைவி தேவகி கோபித்துக்கொண்டு, மகள் அனுவோடு தாமலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போன பிறகுதான், பெருமையைப் பிசைந்து சாப்பிட முடியாது என்று அவனுக்குப் புரிந்தது.

பெரியவர்கள் பேசி வைத்த ஏற்பாடு இது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, அனு அவனுடைய மாடி அறைக்கு வருவாள். தாய்மாமன் பாலாஜி பைக்கில் கொண்டுவந்து விட்டு, திரும்ப வந்து அழைத்துப்போவான். ஆறு முறை வந்தாள். எதை நீட்டினாலும் "பசிக்கலப்பா" என்றாள். பெற்ற பிள்ளை தன் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லையே என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. போன தடவை படியிறங்கும்போது மட்டும் திரும்பி, "உனக்கு பர்கர் செய்யத் தெரியுமாப்பா?" என்றாள். "ஓ, தெரியுமே" என்று அளந்துவிட்டான்.

அந்த ஒரு மாதம் அடுப்போடு மல்லுக்கட்டினான். வெங்காயம் நறுக்கி விரலையும் நறுக்கிக்கொண்டான். கோழிக் கொத்துக்கறியைத் தட்டிக் கல்லில் போட்டால் உதிர்ந்து பொரியலாயிற்று. கோழிக்கடை ரஷீத்துதான், "பொட்டுக்கடலய பொடிச்சுப் போடுபா, புடிச்சுக்கும்" என்றான். பிடித்துக்கொண்டது. செய்ததையெல்லாம் நின்றுகொண்டே தின்று தீர்த்தான். எதிரில் ஆளில்லாத சாப்பாட்டுக்கு உட்காரத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை ரஷீத் கடையில் ஈ காக்கை இல்லை.

"இன்னா பாய், காத்து வாங்கிக்கினு இருக்கே?"

"இந்த மாசம் அப்பிடித்தான்பா" என்றான் ரஷீத்.

காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பதினோரு மணிக்கு அனு படியேறி வந்தாள். நெற்றியில் சிவப்புக் கோடாக நாமம். அழகாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தான். வெண்ணெயில் வாட்டிய பன், தக்காளி வில்லை, நடுவில் வட்டம் பிசகாத கறி. தட்டை அவள் முன் வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

அனு குனிந்து மோந்து பார்த்தாள். "கோழியாப்பா?"

"ஆமாம்மா! சாப்புடு."

"இன்னிக்கு பொரட்டாசி சனிக்கிழமைப்பா."

வீரபாகு முப்பத்தெட்டு புரட்டாசி கண்டவன்தான். ஆனால் மாதம் பிறந்தால் முன்பு அம்மா சொல்வாள், பிறகு தேவகி சொன்னாள். இந்த வருஷம் சொல்ல ஆளில்லை.

"பன்னயாவது சாப்புடும்மா."

"அதே கல்லுலதானே சுட்டே?"

"ஓட்டல்ல எதுனா வாங்கியாரட்டா?"

"வேணாம்பா. உருளக்கெழங்குல செய்யி. உன் பர்கருக்காக நான் காலைலேர்ந்து ஒண்ணுமே சாப்புடல."

வீரபாகு முனைக்கடைக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய கிழங்காகப் பார்த்து நாலு வாங்கிவந்தான். கல்லையும் கரண்டியையும் மூன்று முறை தேய்த்தான். கிழங்கை முழுசாக அப்படியே தண்ணீரில் போட்டான். இரண்டாக வெட்டிப் போட்டால் சீக்கிரம் வேகும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அப்பனும் மகளும் அடுப்பையே பார்த்தபடி நின்றார்கள். அனு இரண்டு தரம் கத்தியால் குத்திப் பார்த்தாள். மேல்தோல்தான் இளகியிருந்தது.

தெருவில் பாலாஜியின் ஹாரன் கேட்டது. "இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா" என்றான் வீரபாகு. "மாமா கத்துவாருப்பா" என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவன் கைப்பிடிச் சுவர்வரை போய் எட்டிப் பார்த்தான்.

"இன்னிக்காவது சாப்ட்டியா?" என்று பாலாஜி கேட்டான்.

"சாப்ட்டேன் மாமா. உருளக்கெழங்கு பர்கர். அப்பா செமயா செஞ்சாரு. ரெண்டு சாப்ட்டேன்."

இத்தனை மாதமாக முகம் கொடுக்காத பாலாஜி, அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். வீரபாகுவும் பதிலுக்குச் சிரித்துவைத்தான். பட்டினியாக வந்த குழந்தை பட்டினியாகவே போகிறது, அதற்கு ஒரு சிரிப்பையும் வாங்கிக்கொண்டு நிற்கிறோமே என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.