பகல் அவளுக்கு, ராத்திரி எங்களுக்கு

எல்லாரும் எப்படி இருக்கீங்க? உடம்பு தேவலையா? மாத்திரை போடுறவங்க மறக்காம போடுறீங்களா? எனக்கு முட்டிதான் மக்கர் பண்ணுது, வாய்க்கு ஒரு குறையும் இல்ல. அதான் இன்னைக்கு என் மருமக கதையைச் சொல்ல வந்துட்டேன். அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுதுங்க அத்தை, ஆனா என்னை ஐயோ பாவம்னு மட்டும் எழுதிடாதீங்க"ன்னா. சரின்னுட்டேன்.

அவ மெத்தைக் கடையில உறை தைக்கிறவ. பள்ளிக்கூடம் போற வயசுலயே வலிப்பு வந்திருக்கு. கல்யாணம் பேசப் போன அன்னைக்கே எங்க முன்னாடி வந்து உக்காந்து அவளே சொன்னா. "எனக்கு ஃபிட்ஸ் இருக்கு. தினமும் மாத்திரை போடுறேன், அப்படியும் எப்பவாவது வரும். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைக்கு அடியில மெத்துன்னு ஏதாவது வைங்க. கையைக் காலைப் புடிச்சு அமுக்காதீங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க." நாங்க தலையை ஆட்டுனோம். என் மகன் வாயைப் பொளந்துக்கிட்டு அவ முகத்தையே பாத்துக்கிட்டிருந்தான். அவன் காதுல ஒண்ணுமே ஏறலன்னு எனக்குத் தெரியும்.

எங்க வீட்டுக்காரர் மரவேலை செய்றவர். கல்யாணம் முடிஞ்ச கையோட ரம்பத்தைத் தூக்கிட்டார். "உசரத்துல இருந்து விழுந்தாத்தானே அடி, உசரமே இல்லன்னா?" அப்படின்னு கட்டில் காலை அறுத்தார். புது மருமகளுக்கு நல்லது பண்ற அவசரம், ஒரு கால் குட்டையாப் போச்சு. அதுக்குச் சமமா மத்ததை அறுத்தார், இப்ப வேற ஒண்ணு குட்டை. இப்படியே அறுத்து அறுத்துக் கட்டில் தரையில உக்காந்துடுச்சு. அடுத்து சாப்பாட்டு மேசை, அப்புறம் நாற்காலி.

"ஏங்க, அடுத்து எங்க காலா?"ன்னேன்.

"உன் வாயைத்தான் அறுக்கணும், அதுக்கு ரம்பம் கிடைக்கல"ன்னார்.

மருமக விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பல்லாம் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

குண்டன் பொறந்தான். பேர் வேற, ஆனா பாத்தா நீங்களும் குண்டன்னுதான் சொல்லுவீங்க. அவன் வந்ததும் வீட்டுல ஒரு சட்டம் தானா வந்துச்சு. பிள்ளையை வச்சுக்கிட்டிருக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்துட்டா? அதனால காலையில எழுந்ததுல இருந்து குண்டன் என் இடுப்புல, இல்லன்னா அவங்க தாத்தா மடியில. குளிப்பாட்டுறது நான், உடுப்பு மாத்துறது நான், விளையாட்டுக் காட்டுறது அவர். பசிச்சு அழுதா மட்டும் அவகிட்ட குடுப்போம். குடிச்சு முடிச்சதும், "குடும்மா"ன்னு வாங்கிக்குவோம்.

ஒரு நாள் பிள்ளையைக் குடுக்க மாட்டேன்னு இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

"அத்தை, இன்னும் கொஞ்ச நாள்ல லீவு முடிஞ்சு நான் கடைக்குப் போயிடுவேன். அதுக்குள்ள இவனுக்கு என்னை அடையாளம் தெரிய வேண்டாமா? இப்ப என்னைப் பால் கடைன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்."

"பிள்ளைக்கு அம்மாவைத் தெரியாதா கண்ணு?"

"எப்படித் தெரியும்? எத்தனை நேரம் குடுக்குறீங்க?"

அவர் உள்ள இருந்து, "உன் நல்லதுக்குத்தாம்மா"ன்னார். அவ பிள்ளையைக் குடுத்துட்டு எழுந்து போயிட்டா. அன்னைக்குச் சாப்பாடு யாருக்கும் இறங்கல.

அதுக்கு அடுத்த வாரம் காலையில, குண்டன் தொட்டில்ல தூங்கிக்கிட்டிருந்தப்ப, கூடத்துல துணி மடிச்சுக்கிட்டிருந்தவளுக்குப் பார்வை ஒரு பக்கமா நின்னுடுச்சு. கூப்பிட்டேன், பதில் இல்ல. அப்படியே சரிஞ்சு கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. எங்க வீட்டுக்காரர் அடுப்படிக்கு ஓடிப் போய்க் கரண்டியோட வந்தார்.

"எதுக்குங்க அது?"

"நாக்கைக் கடிச்சுக்கப் போறாடி."

"பல்லு உடைஞ்சிடும், தூர வைங்க. மணியைப் பாருங்க."

பக்கத்துல இருந்த நாற்காலி அவ மேல இடிக்காம தூரத் தள்ளுனேன். மடிச்சு வச்ச துணியையே தலைக்கு அடியில கொடுத்தேன். இழுப்பு நிக்கிற வரைக்கும் அவர் ஒரு கையில கரண்டி, கண்ணு கடிகாரத்துல, அசையவே இல்ல. அஞ்சு நிமிஷம் ஆகுறதுக்குள்ள நின்னுடுச்சு. ஒருக்களிச்சுத் திருப்பிப் படுக்க வச்சேன், எச்சில் வாயோரமா வழிஞ்சு வெளிய வந்துச்சு. கொஞ்ச நேரம் எங்களையே யாருன்னு தெரியாத மாதிரி பாத்தா. தெளிஞ்சதும் முதல் வார்த்தை, "குண்டன் எங்க?"

அன்னைக்கே டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனோம். மாத்திரை விட்டுப்போச்சான்னு கேட்டாங்க, இல்ல. தூக்கம் எப்படின்னு கேட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "பகல் பூரா பிள்ளையை நாங்கதான் பாத்துக்கிறோம் டாக்டர். அவ கையில குடுக்கிறதே இல்ல"ன்னார்.

"நான் பகலைக் கேக்கல. ராத்திரி பிள்ளைக்கு எழுந்திரிக்கிறது யாரு?"

மருமகதான். என் மகனுக்குக் கிடங்குல ராத்திரி ஷிஃப்ட். நாங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு நல்லாத் தூங்குவோம். ராத்திரி படுத்துத்தானே இருக்கா, விழ மாட்டாளேன்னு எங்க நினைப்பு. குண்டனோ ராத்திரியிலதான் கச்சேரி வைப்பான். தூக்கம் கெட்டா நிறைய பேருக்கு வலிப்பு வரும்னு டாக்டரம்மா சொன்னப்ப எங்க வீட்டுக்காரர் நெஞ்சு பழைய இடத்துக்குப் போயிடுச்சு.

"அப்ப நான் பிள்ளையைத் தூக்கவே கூடாதா டாக்டர்?"னு மருமக கேட்டா.

"யாரு சொன்னா? தரையில பாய் போட்டு உக்காந்து வச்சுக்கோங்க, பால் குடுங்க, உடுப்பு மாத்துங்க. குளிப்பாட்டும்போது மட்டும் கூட ஒரு ஆள் இருக்கட்டும். பிள்ளையோட தனியா மாடிப்படி ஏறாதீங்க. உங்களுக்கு முதல்ல வேண்டியது தூக்கம்."

வெளிய வந்ததும் என் கையைப் புடிச்சுக்கிட்டா. "அத்தை, ராத்திரியை நீங்க எடுத்துக்குங்க. பகலை எனக்குக் குடுத்துடுங்க."

சரின்னேன். அன்னையில இருந்து தாய்ப்பாலை எடுத்து ஃப்ரிட்ஜுல வச்சிட்டு அவ படுத்துடுவா. பாதி ராத்திரி எனக்கு, மீதி அவருக்கு. அவர் தாலாட்டுக்குப் பயந்தே பிள்ளை கண்ணை மூடிக்கிறான்னு நான் சொல்லுவேன்.

பகலை விட்டுக் குடுக்கிறதுதாங்க கஷ்டமா இருந்துச்சு. முதல் நாள் அவ உள்ள பாயில பிள்ளையோட உக்காந்தா, நான் வெளிய. கை ரெண்டும் சும்மா கிடக்கு. உள்ள குண்டன் வீறிட்டான். நான் எழுந்தேன்.

"உக்காருடி"ன்னார் எங்க வீட்டுக்காரர்.

"அழறான்ல?"

"அவன் அம்மா உள்ள இருக்கா. நீ எதுக்கு?"

உக்காந்தேன். அழுகை ஏறுச்சு, இறங்குச்சு, அப்புறம் சத்தமே இல்ல. ரெண்டு பேர் சத்தமும் இல்ல. இப்ப அவரும் எழுந்துட்டார். மெதுவாக் கதவைத் தள்ளுனேன்.

பாயில ஒருக்களிச்சுப் படுத்திருந்தா. கண்ணு மூடியிருந்துச்சு. கிட்ட போய்க் குனிஞ்சேன். குண்டன் அவ கழுத்துக்குள்ள முகத்தைப் புதைச்சு, அவ சட்டையை ஒரு பிடி புடிச்சுக்கிட்டுத் தூங்குறான். வயிறு நிறைஞ்சு ரொம்ப நேரம் ஆகல, பாலுக்காக ஒட்டிக்கல. அவ ஒரு கண்ணை மட்டும் திறந்தா.

"இப்பதான் தூங்குனான், அத்தை. கதவைச் சாத்திட்டுப் போங்க."

சாத்திட்டு வந்துட்டேன்.

வலிப்பு இனிமே வராதுன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. வந்தா பாத்துக்கலாம்னு இருக்கோம். உங்க வீட்டுல, இல்ல உங்களுக்கே இப்படி இருந்தா, எப்படிச் சமாளிக்கிறீங்க, யாரு எதை விட்டுக் குடுத்தீங்கன்னு எழுதுங்க. நீளமா எழுதுனாலும் பரவாயில்ல. ராத்திரி குண்டனை மடியில போட்டுக்கிட்டுப் படிக்க எனக்கு நேரம் இருக்கு.